சங்கிலியில் தொடங்கும் சண்டை

கடந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுக் களத்தில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு புரண்டன. தெருநாய் எதுவும் உள்ளே புகுந்துவிடவில்லை. இரண்டும் எங்கள் வீட்டு நாய்கள். ஒன்றரை ஆண்டுகளாக ஒரே சாக்கில் படுத்துறங்கியவை.

மூத்தவள் கருப்பி. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மழைக்கு ஒதுங்கிய குட்டியாக வந்து, தானே எங்கள் வீட்டைத் தேர்ந்துகொண்டவள். இளையவள் செவலை. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சிப்பிப்பாறைக் கலப்பு. அன்று கோழிக்கறி சமைத்திருந்தோம். செவலையின் வட்டிலில் எலும்பு விழுந்த ஓசை கேட்டுக் கருப்பி எட்டிப்பார்த்தாள். அடுத்த நொடி நடந்ததை எங்களால் வரிசைப்படுத்திச் சொல்ல இயலவில்லை. என் மனைவி ஓடிச்சென்று கழுத்துப்பட்டையைப் பிடித்தார். வலது உள்ளங்கையில் பல் இறங்கியது. கடித்தது எந்த நாய் என்பது இன்றுவரை தெரியாது. நான் தடியை எடுத்துச் செவலையை அடித்தேன். புதிதாக வந்தவள்தான் குற்றவாளி என்று என் மனம் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. அடி விழ விழ அவளுடைய பிடி இறுகியது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக இறக்கித் தள்ளிய பிறகே அவை பிரிந்தன. எல்லாம் இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது.

"நாயும் நாயும் ஒருதரம் ரத்தம் பாத்துட்டா அப்புறம் அடங்காது சார். கல்வராயன் மலை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க. அது பாட்டுக்குப் பொழைச்சிக்கும்" என்று அன்று மாலை அவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அன்றிரவு முழுவதும் அதைப் பற்றியே நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நாய்களைப் பற்றிய நம் பொதுவிவாதம் இரண்டு தடங்களில் மட்டுமே ஓடுகிறது. ஒன்று, தெருநாய்க்கடி. மற்றொன்று, வெளிநாட்டு நாயினங்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 23 வகை நாயினங்களுக்குத் தடை விதிக்குமாறு மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தை வைத்து ஆபத்தை அளக்கும் அந்த விவாதத்தில், வீட்டு நாய்கள் தமக்குள் கடித்துக்கொள்வதற்கு இடமே இல்லை. அது ஏதோ வேடிக்கையான சில்லறை விவகாரம் என்பதுபோல் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால், செவலையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் நான் காத்திருந்த அரைமணி நேரத்தில், அதே காரணத்துக்காக இன்னொரு நாயும் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கிவந்தவரின் முன்கையிலும் துணிக்கட்டு இருந்தது.

ஒரே வீட்டு நாய்கள் ஏன் சண்டையிடுகின்றன? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், ஒரே வீட்டில் வளர்ந்து ஒன்றையொன்று தாக்கிக்கொண்ட 38 நாய் இணைகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு இணைகள் ஒரே பாலினத்தைச் சேர்ந்தவை. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட இணைகளில் குறைந்தது ஒரு பெண் நாயாவது இருந்தது. சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் வயதில் இளைய நாய், அல்லது வீட்டுக்குப் பின்னால் வந்த நாய். சண்டையைத் தூண்டியவை வளர்ப்பவரின் கவனம், உணவு, யாரேனும் வரும்போது எழும் பரபரப்பு, தரையில் கண்டெடுத்த ஏதோ ஒரு பொருள். இதைப் படித்தபோது எங்கள் வீட்டை யாரோ வேலிக்கு வெளியே நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இரண்டு பெண் நாய்கள், பின்னால் வந்த இளையது, எலும்பு, அருகில் நின்ற என் மனைவி.

ஆயினும், அந்தப் பட்டியலால் எங்கள் வீட்டுச் சண்டையை முழுவதும் விளக்கிவிட இயலவில்லை. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எலும்பைப் பற்றியது அல்ல. "இளையதை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கட்டிவைக்கிறீர்கள்?" என்று கேட்டார். காலை ஆறு மணிக்குக் கட்டினால் இரவு எட்டு மணிக்கு அவிழ்ப்போம் என்றேன். செவலை கோழிகளைத் துரத்துவாள்; பக்கத்துக் கொல்லையில் ஆட்டுக்குட்டிகள் உண்டு. கருப்பி எதையும் துரத்த மாட்டாள். எனவே அவளுக்குச் சங்கிலி கிடையாது. இந்த ஏற்பாட்டில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அச்சுறுத்தலை எதிர்கொள்ளும் நாய் முதலில் விலகிப் போகவே பார்க்கும். அடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், உடலைத் தாழ்த்தும். எனக்குச் சண்டை வேண்டாம் என்று அதன் மொழியில் சொல்லும். பிறகு உடல் விறைக்கும், கண் ஒரே இடத்தில் நிலைகுத்தும், உதடு மேலேறும், உறுமல் எழும். எதற்கும் பயனில்லை என்றால்தான் பல். சங்கிலி இந்த வரிசையில் முதல் படியையே வெட்டிவிடுகிறது. விலகிப் போக வழியில்லாத நாய்க்கு மற்ற நாயின் ஒவ்வொரு வருகையும் நெருக்கடி. பாய்ந்தால் பட்டை கழுத்தை இறுக்கும். இன்னொரு நாய் கண்ணில் படுவதும் கழுத்து வலிப்பதும் நூறு முறை சேர்ந்து நிகழ்ந்துவிட்டால், பின்னர் அந்த நாய் கண்ணில் பட்டாலே போதும். மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த பாவ்லவின் நாய்களிடம் நடந்தது இங்கே வேறு வடிவில் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் பதினான்கு மணி நேரம் கருப்பி சுதந்திரமாகச் செவலையின் வட்டத்துக்குள் வந்து, முகர்ந்து, அவளுடைய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். எலும்பு அன்றைய தீப்பொறி மட்டுமே. வைக்கோலை மாதக்கணக்கில் அடுக்கியவன் நான்.

கிராமத்தில் நாயைக் கட்டுவது கொடுமை மனத்தால் அல்ல. அவிழ்த்துவிட்டால் ஆட்டைக் கடிக்கும், பள்ளிப் பிள்ளையைத் துரத்தும், நெடுஞ்சாலையில் அடிபடும். பகலில் கட்டி இரவில் அவிழ்ப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பகல் முழுவதும் அடைபட்ட ஆற்றல் இரவில் தெருமுனைச் சண்டையாக வெடிப்பதும் பழைய காட்சிதான். ஆனால், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதையும் தனியே குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-இல் அது தொகைதான். இன்று ஒரு தேநீர், இரண்டு வடை.

என் இரண்டாவது பிழை, உறுமலைத் தண்டித்தது. கருப்பி நெருங்கும்போது செவலை உறுமுவாள், நான் அதட்டுவேன், சில மாதங்களில் உறுமல் நின்றுவிட்டது. நன்றாகப் பழக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவளுடைய அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை ஒலியை மட்டும் நான் அணைத்திருக்கிறேன். "முன்னறிவிப்பே இல்லாமல் பாய்ந்துவிட்டது" என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் பல சம்பவங்களின் பின்னணி இதுதான் என்கிறார்கள் விலங்கு நடத்தை வல்லுநர்கள். வாலாட்டலையும் நாம் இப்படித்தான் தவறாகப் படிக்கிறோம். விறைத்து உயர்ந்த வால் குறுகிய வீச்சில் விரைவாக ஆடினால் அதற்கு நட்பு என்று பொருள் இல்லை.

ஊரில் அடிக்கடி கேட்கும் இன்னோர் அறிவுரை: "ஒருமுறை அடித்துக்கொள்ளட்டும், யார் பெரியவர் என்று தெரிந்துவிட்டால் அடங்கிவிடும்." இதற்கு விஞ்ஞானச் சாயம் பூசியதும் ஒரு கதை. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிர்க்காட்சி சாலையில் அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, தலைமைக்கான போட்டியே ஓநாய்க் கூட்டத்தின் அடிப்படை என்ற கருத்தை 1947-இல் முன்வைத்தார். டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. காட்டில் பல்லாண்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்த அதே மெக், 1999-இல் தம் கருத்தைத் தாமே திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம். உறவற்ற ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் எழும் மோதலைக் கொண்டு அதை விளக்குவது பொருந்தாது என்றார். தம் பழைய நூலின் மறுபதிப்பை நிறுத்துமாறு பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பழைய கருத்து நம் திண்ணைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒவ்வொரு சண்டையும் நாய்க்குக் கற்பிப்பது, கடித்தால் வேலை நடக்கும் என்பதைத்தான். அடுத்த சண்டை இன்னும் விரைவாகத் தொடங்கும்.

வலியும் ஒரு காரணம். கருப்பியைப் பரிசோதித்த மருத்துவர் அவளுடைய இடது காது உள்ளே புண்ணாகியிருப்பதைக் கண்டார். எட்டு வயது நாய்க்கு மூட்டுவலியோ பல்வலியோ காதுப் புண்ணோ இருந்தால், இளையது விளையாட்டாக மேலே விழுவதுகூடத் தாக்குதலாகத் தெரியும். சண்டைக்குணம் திடீரென்று வந்தால் முதலில் செல்ல வேண்டிய இடம் கால்நடை மருந்தகம். கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். ஆண் நாய்களுக்குள் மூளும் சண்டை சற்றுக் குறையலாம். பெண் நாய்களுக்குள் மூளும் சண்டைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சண்டை தொடங்கிவிட்ட பிறகு செய்ய வேண்டியதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரையும்விட அறிவாளி. கையை நடுவே விடாமல் கட்டிலை விட்டார். பலகை, தென்னங்கீற்று, நாற்காலி, கதவு என இரண்டு நாய்களின் பார்வையையும் மறிக்கும் எதுவும் உதவும். தலைகளின் மீது கனமான சாக்கையோ போர்வையையோ போடலாம். குடம் தண்ணீரை முகத்தில் வீசலாம். காதருகே தாம்பாளத்தைத் தட்டலாம். இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பகுதியில் பிடித்துத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி இழுப்பது கடைசி வழி. இழுத்த பிறகு விட்டுவிடக் கூடாது, ஒன்றை உடனே அறைக்குள் அடைக்க வேண்டும். பற்கள் இறங்கி இறுகியிருக்கும்போது இழுத்தால் தசை கிழியும் என்பதால், பிடி தளரும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கழுத்துப்பட்டையைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதுவே மிக ஆபத்தானது. வெறியின் உச்சத்தில் இருக்கும் நாய், தன்னைத் தொட்டது எசமானியின் கையா எதிரியின் வாயா என்று பார்ப்பதில்லை. தடியால் அடித்தால், அந்த வலியைத் தந்தது எதிரில் இருக்கும் நாய்தான் என்று அது எடுத்துக்கொள்ளும். செவலையின் பிடி ஏன் இறுகியது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் மனைவியின் கையை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவினோம். அதில் மட்டும் நாங்கள் தவறவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளுமாக மூன்று பேர் ஓடிவந்தார்கள், மறுத்துவிட்டோம். "உங்க வீட்டு நாய்தானே, ஊசி எதுக்கு?" என்றும் ஒருவர் கேட்டார். மனிதர்களுக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான். வீட்டு நாய் என்பது விலக்கு ஆகாது. இரவில் அவிழ்த்துவிடப்பட்ட நாய் எந்த நாயிடம் கடிபட்டு வந்தது என்பது வளர்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கடிபட்ட அன்றும், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி. காயம் ஆழமானதால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்தினார்கள். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு நாய்களையும் பத்து நாள்கள் கண்காணிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆண்டுத் தடுப்பூசி போட்டிருந்ததற்கான அட்டை கையில் இருந்தது எங்களுக்குப் பெரும் நிம்மதி.

நாயின் காயம் கண்ணை ஏமாற்றும். செவலையின் தோளில் வெளியே தெரிந்தவை இரண்டு சிறு துளைகள் மட்டுமே. நாயின் தோல் தளர்வானது. பல் உள்ளே இறங்கி உலுக்கும்போது மேலே துளையும் அடியில் கிழிந்த தசையும் உருவாகும். வெளித்துளை மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். மூன்றாம் நாள் அவளுடைய தோள் பலாக்காய் போல வீங்கியது. மருந்தக மருத்துவரின் அறிவுரைப்படி கள்ளக்குறிச்சியையும் சின்னசேலத்தையும் தாண்டி, 2021-இல் திறக்கப்பட்ட தலைவாசல் கால்நடை வளாகத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றோம். அறுத்து, கழுவி, சீழ் வடியக் குழாய் வைத்தார்கள். பெரிய நாய் சிறிய நாயைக் கவ்வி உலுக்கியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விலா எலும்பு முறிந்திருக்கலாம், நுரையீரல் கிழிந்திருக்கலாம். சண்டையிட்ட நாய் எழுந்து நடக்கிறது என்பதாலேயே நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

இதுவே பக்கத்து வீட்டு நாய் வந்து கடித்ததாக இருந்திருந்தால்? சட்டம் அங்கே நொண்டுகிறது. பாரதிய நியாய சங்கிதையின் 291-ஆம் பிரிவு, தன் விலங்கைக் கவனக்குறைவாக விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால், மனித உயிருக்கான ஆபத்தையும் கொடுங்காயத்தையும் பற்றியே அது பேசுகிறது. வேண்டுமென்றே ஒரு விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் வேறு பிரிவில் குற்றம். கவனக்குறைவு அதில் அடங்காது. கடிபட்ட நாயின் மருத்துவச் செலவுக்கு உரிமையியல் நீதிமன்றம் போகலாம்; யார் போவார்கள்? சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சியின் உரிமம் கட்டாயம். எங்கள் ஊரில் நாய்க்கு உரிமம் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால், நாய்ச் சண்டை மனிதச் சண்டையாகி, பொதுக் கிணற்றடியில் இரண்டு குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் நிற்கின்றன. ஊராட்சிகள் குறைந்தபட்சம் வளர்ப்பு நாய்களின் பதிவேடு ஒன்றையும் ஆண்டுத் தடுப்பூசிக் கணக்கையும் வைத்திருந்தால், கடித்தது யாருடைய நாய், ஊசி போட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்காவது விடை கிடைக்கும்.

மலையடிவார யோசனைக்கு வருகிறேன். பட்டினி கிடக்க நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவது அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 11-ஆம் பிரிவில் குற்றம். அது ஒருபுறம். அங்கே விடப்படும் நாய் "பொழைத்துக்கொள்வது" எப்படி? மலையிலும் அடிவாரத்திலும் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும். வேட்டையாடப் பழகாத வீட்டு நாய்க்குக் கிடைக்கும் எளிய இரை, பட்டியில் அடைபட்ட ஆடு. என் வீட்டுச் சிக்கலை இன்னொரு ஏழையின் பட்டிக்கு நான் ஏற்றுமதி செய்திருப்பேன்.

மூன்று வாரங்கள் இரண்டையும் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் பிரித்து வைத்தோம். செவலையின் சங்கிலியை எடுத்துவிட்டு, கொல்லையில் ஒரு பகுதியைக் கம்பிவலையால் அடைத்தோம். செலவு ஒரு தென்னைக் காய்ப்பு. பிறகு காலையில் ஏரிக்கரைக்கு நடை. நான் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி மற்றதைப் பிடித்துக்கொள்ள, நடுவே ஐம்பதடி இடைவெளி. ஒன்றையொன்று பார்த்தும் விறைக்காமல் நடந்தால் ஆளுக்கொரு துண்டு பொரித்த கருவாடு. வாரத்துக்கு ஐந்தடியாக இடைவெளியைக் குறைத்தோம். அருகே விடும் நாள்களில் இரண்டுக்கும் வாய்மூடி. சோறு வேறு வேறு இடத்தில், கதவுக்கு இருபுறமும். எதைப் பெறுவதற்கும் முன்னால் உட்காரப் பழக்கினோம். நான் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்விலும் இத்தகைய முறைகளால் சண்டைகள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை. சில வீடுகளில் ஒரு நாய்க்குப் பொறுப்பான வேறு வீடு தேடிக் கொடுப்பதே இரண்டுக்கும் செய்யும் நன்மை. அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒருமுறை, விருந்தினர் வந்த பரபரப்பில், மீண்டும் உறுமிக்கொண்டார்கள். இம்முறை நான் அதட்டவில்லை. கருப்பியைக் கூப்பிட்டேன், அவள் திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஏரிக்கரையில் இடைவெளி பத்தடி. ஒரே சாக்கில் படுப்பதில்லை. ஒரே மரநிழலில் படுக்கிறார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. என் மனைவியின் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. விரலை முழுவதும் மடக்க இன்னும் சற்றுச் சிரமம். கயிற்றுக் கட்டிலை நாங்கள் திண்ணையிலிருந்து எடுக்கவில்லை.